சொல்லி அழ ஓர் ஆள்

மனச்சோர்வோடு மருத்துவரிடம் வருகிறவர்கள் மனதைப் பற்றிப் பேச்செடுப்பது குறைவு. திருநெல்வேலிப் பக்கம் அது பெரும்பாலும் உடம்பிலிருந்துதான் தொடங்கும். 'மேலுக்கு முடியல, தலை பாரமா இருக்கு, நெஞ்சு படபடங்குது, ராத்திரி கண்ணு அடைக்கல, ஒரே வெப்ராளமா வருது.' அதற்குள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், ஈசிஜி எல்லாம் எடுத்து, எதிலும் கோளாறு இல்லை என்று எழுதி வாங்கியிருப்பார்கள். மனநல மருத்துவர் கேள்வி கேட்டால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் மாமியாரோ கணவரோ அம்மாவோ முந்திக்கொண்டு பதில் சொல்வார். 'அவளுக்கு ஒரு கொறையும் இல்ல டாக்டர். நேரா நேரத்துக்குச் சாப்பாடு, துணிமணி, எல்லாம் இருக்கு.' என்ன நோய் என்று முடிவு செய்வதற்கு முன்பே, அந்த வீட்டில் யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடப்பதும், பிடித்த எதிலும் நாட்டமற்றுப் போவதும் மனச்சோர்வின் முதல் அடையாளங்கள். தூக்கம், பசி, கவனம் கெடும். தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பும் வரலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் சுமார் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதில் விழுகிறார். விழுந்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 85 பேருக்குச் சிகிச்சை கிடைப்பதில்லை. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. இரட்டையர்களை ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்தப் பங்கு 37 சதவீதம் அளவுக்கு வந்தது. மீதி, ஆள் வாழும் வாழ்க்கையைப் பொறுத்தது. அந்த வாழ்க்கையில் அதிகம் ஆராயப்பட்டது நெருங்கிய உறவு.

ஆராய்ச்சியின் திருப்புமுனை லண்டனின் கேம்பர்வெல் பகுதி. ஜார்ஜ் பிரௌனும் டிரில் ஹாரிஸும் அங்கே 458 பெண்களிடம் மணிக்கணக்கில் பேசி, 1978-ல் முடிவுகளைப் புத்தகமாக்கினார்கள். பெரிய இழப்போ நெருக்கடியோ வந்த எல்லோரும் நோயில் விழவில்லை. விழுந்தவர்களிடம் சில நிலைமைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன: வீட்டில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூன்றோ அதற்கு மேலோ, வெளி வேலை இல்லாமை, 11 வயதுக்குள் தாயை இழந்தது, எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்ல நெருக்கமான ஓர் ஆள் இல்லாதது. இவற்றில் கடைசி நிலைமைதான் பின்வந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது. எத்தனை பேர் சூழ இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்களில் ஒருவரிடமாவது சொல்ல முடிகிறதா என்பது முக்கியம். எட்டுப் பேர் உள்ள கூட்டுக் குடும்பத்திலும் அந்த ஒருவர் இல்லாமல் போகலாம். 'இத்தன பேரு இருக்கும்போது அவளுக்கென்ன தனிமை' என்று கேட்கும் உறவினர்களுக்கு இது விளங்குவதில்லை.

பிரௌனின் குழு 1990-களில் இன்னொன்றையும் கண்டது. வெறும் இழப்பைவிட, அவமானமும் வெளியேற வழியில்லாத நிலையும் கலந்த இழப்பே அதிகம் பேரை நோயில் தள்ளுகிறது. தாமிரபரணிக் கரை ஊர்களில் அவமானத்துக்கு எழுதப்படாத சட்டங்கள் உண்டு. வளைகாப்பில் எல்லோரும் வளையல் போட, பிள்ளையில்லாதவளை மட்டும் அடுக்களைக்கு அனுப்புவது, சீர்த்தட்டை எல்லோர் முன்னாலும் எண்ணிப் பார்த்து உதட்டைச் சுழிப்பது போன்றவை. வழியில்லாத நிலைக்குச் சொந்தத்தில் கல்யாணம் ஒரு காரணமாகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் நெருங்கிய உறவுத் திருமணம் மிக அதிகமுள்ள மாநிலமாகத் தமிழ்நாடு இருந்தது; நான்கில் ஒன்றுக்கு மேல். தெரிந்த இடம், பெண்ணைக் கண்கலங்காமல் பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் பல வீடுகளில் பலிக்கிறது. பலிக்காத வீட்டில், மாமியாரே அப்பாவுடன் பிறந்த அத்தையாக இருக்கும்போது, கோபித்துக்கொண்டு போய் நிற்கும் பிறந்த வீடும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுகிறது. சாதி மாறிக் காதலித்து மணந்தவர்கள் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்குப் பல சமயம் இரண்டு வீட்டுக் கதவும் ஒரே நாளில் அடைபடுகிறது.

திண்ணையும் கிரில் கதவும்

முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரத்தில் பெண்களின் பெரும் தொழில் பீடி சுற்றுவது. சுளகு (முறம்) மடியில் இருக்கும். நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையைத் தகட்டு அளவுக்குக் கத்தரியால் வெட்டி, அதில் புகையிலைத் தூளைப் பரப்பி, ஒரே இழுப்பில் உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி இறுக்குவார்கள். 25 பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சாயங்காலம் பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போட்டால், சரியில்லாததைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் எண்ணிக்கை. கழுத்து வலி, இருமல், குறைந்த கூலி எல்லாம் சேர்ந்த தொழில் இது. இதைப் புகழ ஒன்றுமில்லை. ஆனால் நான்கைந்து பேர் ஒரு திண்ணையில் கூடி உட்கார்ந்துதான் சுற்றுகிறார்கள். கை ஓடிக்கொண்டிருக்கும், கண் சுளகில் இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அடித்த கணவன், பணம் அனுப்பாத கொழுந்தன், தள்ளிப்போன மாதவிடாய் என்று வாய்க்கு வராத எல்லாமும் அங்கே பாதிப் பேச்சாக வந்து விழும். 'யக்கா, இதை ஆருகிட்டயும் சொல்லிராதிய' என்ற முன்னுரையோடு வரும் செய்தி, சொன்னவளின் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் போகும். கேம்பர்வெல்லில் நோயில் விழுந்தவர்களுக்கு இல்லாமல் போன அந்த 'மனம்விட்டுச் சொல்ல ஓர் ஆள்' இங்கே பக்கத்துச் சுளகில் இருக்கிறாள்.

அதே குடும்பத்தின் ஆண் வளைகுடாவுக்குப் போகிறார். இரண்டு மூன்று வருடத்தில் ஊருக்கு வெளியே புதிதாக வந்த ஏதோ ஒரு நகரில் மாடிவீடு எழும்புகிறது. திண்ணைக்குப் பதில் கிரில் கதவு. வெளிநாட்டுச் சம்பாத்தியம் உள்ள வீட்டில் பீடி சுற்றுவது கௌரவக் குறைவு என்று சுளகு பரணில் ஏறுகிறது. கடன் அடைந்தது, பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்தது, எல்லாம் உண்மை. கணவனோடு தினமும் வீடியோ காலும் உண்டு. ஆனால் போனை மாமியார் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசும் பத்து நிமிடத்தில் எதைச் சொல்ல முடியும்? அவள் தூக்கம் கெட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, வசதி வந்தும் இப்படியா என்று உறவு வியக்கிறது. வசதி வந்தபோது கூடவே எது போனது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

போன ஆண்களின் கதை வேறு. மும்பை தாராவியிலும், சென்னையின் மளிகைக் கடைகளிலும் நெல்லைச் சீமைக்காரர்கள் பல தலைமுறையாக இருக்கிறார்கள். விடிவதற்கு முன் ஷட்டரைத் தூக்கி, நள்ளிரவை ஒட்டி இறக்கி, கடைக்குள்ளேயே படுக்கும் கடைப்பையனுக்குப் பேச்சு என்பது வாடிக்கையாளரோடு விலை பேசுவது மட்டும்தான். ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக, அடிதடியாக, குடியாக வரும். குடி சோர்வைக் கூட்டும், சோர்வு குடியைக் கூட்டும். மதுச் சில்லறை விற்பனை முழுவதையும் 2003-ல் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது முதல், அந்த 'மருந்து' அரசுக் கடையிலேயே கிடைக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் அதைக் குணக்கேடு என்று மட்டுமே பார்ப்பதால், அடியில் ஒரு நோய் இருப்பது வெளியே வருவதில்லை.

தலைப்பிரசவம்

பெண்ணின் வாழ்க்கையில் உறவுகள் எல்லாம் ஒன்றாக வந்து அழுத்தும் காலம் பேறுகாலம். இதில் தமிழ்நாட்டுக்கே உரிய நல்ல ஆய்வு ஒன்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தங்கள் கிராமப்புறப் பகுதியில் 359 கர்ப்பிணிகளைக் கடைசி மாதங்களிலும், பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் பார்த்து, 2002-ல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக நோய் வந்தவர்கள் 11 சதவீதம். யாருக்கு வந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது, கர்ப்பத்தின்போது நேர்ந்த துன்பங்கள், ஒத்தாசைக்கு ஆளில்லாதது ஆகியவை முன்னால் நின்றன. இவற்றில் பெரும்பாலானவை மருந்துச்சீட்டில் எழுத முடியாதவை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இந்த இடத்தில் ஓர் அரண். பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு, பிள்ளையைக் குளிப்பாட்ட ஆச்சி, பகலில் இரண்டு மணி நேரத் தூக்கம் எல்லாம் கிடைக்கிறது. புகுந்த வீட்டார் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு 'பொட்டப்பிள்ளையா' என்று ஒரு சொல் சொல்லிப் போனால், அந்த அரணில் ஓட்டை விழுகிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்பிப் போகும்போது, ஒத்தாசை எல்லாம் ஒரே நாளில் நின்றும் போகிறது. அடுத்த பிரசவங்களுக்கு இந்தச் சலுகையும் பல வீடுகளில் கிடையாது.

வட்டம்

உறவு கெட்டதால் நோய் வந்தது என்று நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான். நோயும் உறவைக் கெடுக்கிறது. அமெரிக்க உளவியலர் ஜேம்ஸ் காய்ன் 1976-ல் ஒரு சோதனை செய்தார். மாணவிகளை, யாரென்று தெரியாத ஒருவரோடு 20 நிமிடம் தொலைபேசியில் பேச வைத்தார். மறுமுனையில் இருந்தவர் மனச்சோர்வு நோயாளியாக இருந்தபோது, பேசி முடித்த மாணவிக்கே மனம் சோர்ந்தது, எரிச்சல் வந்தது, அவரோடு மறுபடி பேசும் விருப்பமும் குறைந்தது. வெறும் 20 நிமிடத்தில் இது. வருடக்கணக்கில் ஒரே கூரைக்குள் இருப்பவர்களுக்கு? நோயாளி 'என் மேல பிரியம் இருக்கா' என்று ஓயாமல் கேட்கிறார். முதலில் ஆறுதல் வருகிறது, பிறகு அலுப்பு வருகிறது. அலுப்பை மறைத்துச் சொல்லும் ஆறுதலை நோயாளி நம்புவதில்லை, இன்னும் கேட்கிறார். கடைசியில் உண்மையாகவே விலகிவிடுகிறார்கள். அவர் பயந்தது நடந்துவிடுகிறது.

கான்ஸ்டன்ஸ் ஹேமன் 1991-ல் இதையே வேறு வழியில் காட்டினார். ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில், மனச்சோர்வுள்ள பெண்களின் வாழ்க்கையில் சண்டை, பிரிவு போன்ற நிகழ்வுகள் மற்றவர்களைவிட அதிகமாக நடந்தன. அவற்றில் ஒரு பங்கு அவர்களின் நடத்தையையும் சார்ந்து வந்தது. 'அப்போ தப்பு அவ பேர்லதான்' என்று இதைப் படிப்பது அநியாயம். காய்ச்சல்காரர் நடுங்குவது அவர் குற்றம் ஆகாது. வட்டத்தில் தொடக்கப்புள்ளி தேடுவது குடும்பப் பஞ்சாயத்துக்கு உதவலாம், சிகிச்சைக்கு உதவாது.

வீட்டுப் பேச்சு எப்படி இருக்கிறது என்பது, குணமானவர் மறுபடி விழுவாரா என்பதையும் ஓரளவு சொல்லிவிடுகிறது. ஜில் ஹூலி, ஜான் டீஸ்டேல் இருவரும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பும் நோயாளிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: உங்கள் துணைவர் உங்களை எந்த அளவுக்குக் குறை சொல்கிறார்? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? அடுத்த 9 மாதத்தில் நோய் திரும்பியவர்களைக் கணிப்பதில், மணவாழ்க்கையை அளக்கும் நீளமான படிவங்களைவிட இந்த ஒற்றை மார்க் நன்றாக வேலை செய்தது. நெல்லைப் பேச்சில் 'மூதி', 'சவம்' என்பதெல்லாம் செல்லத்துக்கும் வரும், வசவுக்கும் வரும். கேட்பவருக்கு அது எப்படிப் படுகிறது என்பதுதான் கணக்கு. வீட்டார் சத்தியம் செய்து 'நாங்க ஒண்ணுமே சொல்லல' என்பதும், நோயாளி 8 மார்க் போடுவதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

இந்த மாதிரிகளின் வேர் குழந்தைப் பருவம் வரை போகிறது என்பது ஜான் பௌல்பி 1969 முதல் மூன்று தொகுதிகளாக எழுதிய கோட்பாடு. நம்பத்தக்க ஒரு மடி கிடைத்த பிள்ளை பின்னாளிலும் எளிதாக ஒருவரை நம்பும். கிடைக்காத பிள்ளை ஒட்டிக்கொள்ளும், அல்லது யாரும் வேண்டாம் என்று ஒதுங்கும். அம்மா அப்பா மும்பையில் இருக்க, ஆச்சி வளர்த்த பிள்ளைகள் நிறைந்த ஊர்களில் இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆச்சி மடி நிலையான மடியாக இருந்தால் போதும். சிக்கல் வருவது, பத்து வயதில் அந்த மடியிலிருந்து பிரித்து அறிமுகமில்லாத பெற்றோரிடம் கொண்டுபோய் விடும்போது.

உறவும் நோயும் இப்படிப் பின்னிக் கிடப்பதை அரசுக் கணக்குகள் பிரித்துக் காட்டுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் நாட்டில் 1,70,924 தற்கொலைகள் பதிவாயின. காரணப் பட்டியலில் முதலிடம் 'குடும்பப் பிரச்சினை', 31.7 சதவீதம். உடல், மன நோய்கள் சேர்ந்து 18.4 சதவீதம். இவை காவல் நிலையம் எழுதும் காரணங்கள் என்பதை மறக்கக் கூடாது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. 'குடும்பத் தகராறு' என்று முடித்த கோப்புகளில் எத்தனைக்குள் கவனிக்கப்படாத மனச்சோர்வு இருந்தது என்று அந்தப் பட்டியல் சொல்லாது.

கோயிலும் மருத்துவமும்

'கோட்டி' (பைத்தியம்) என்ற பட்டம் வந்துவிடுமே என்ற பயத்தில், பல குடும்பங்கள் மனநல மருத்துவரிடம் கடைசியாகத்தான் போகின்றன. அதற்கு முன் மந்திரித்தல், உவரி அந்தோணியார் கோயில், ஆத்தங்கரைப் பள்ளிவாசல், குலதெய்வக் கொடை. இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவது எளிது. அருள் வந்து ஆடும் மருமகள், வீட்டில் சொல்ல முடியாததை இசக்கியம்மனின் வாயால் சொல்கிறாள். அன்றைக்கு மாமியாரும் கைகட்டிக் கேட்டாக வேண்டும். சிலருக்கு வீட்டின் போக்கு அதோடு மாறியும் விடுகிறது. ஆனால் சாமி ஏறாமல், சத்தமில்லாமல், சாப்பிடாமல் மெலிந்துகொண்டே போகும் கடும் மனச்சோர்வுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. மாதங்கள் கழிகின்றன.

உறவையே சிகிச்சைக்களமாக எடுத்துக்கொண்ட முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் 1970-களில் வகுத்தது. சாவு தந்த துக்கம், நெருங்கியவரோடு தீராத பிணக்கு, வாழ்க்கை நிலை மாறியது, உறவே இல்லாத தனிமை, இந்த நான்கில் எது இப்போதைய சோர்வோடு பிணைந்திருக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் சில மாதங்கள் பேசுவார்கள். படித்த நகரத்தாருக்கு மட்டும் ஆன வைத்தியம் இல்லை இது. உகாண்டாவின் 30 கிராமங்களில், மருத்துவர் அல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துக் குழுவாக நடத்தி, நல்ல பலன் கிடைத்ததாக 2003-ல் எழுதினார்கள். வேறொரு பேச்சுச் சிகிச்சையோடு, பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள் பிள்ளை பெற்றவர்களின் வீட்டுக்கே போய், குடும்பத்தாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினார்கள். 6 மாதத்தில் நோயோடு இருந்தவர்கள் 23 சதவீதம். இந்தப் பயிற்சி இல்லாத ஊழியர்கள் அதே அளவு தடவை வீட்டுக்குப் போன கிராமங்களில் 53 சதவீதம். இதில் நெல்லைக்குப் பொருந்தாதது எதுவுமில்லை. வீடு வீடாகப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் இங்கேயும் இருக்கிறார். அவர் கையில் ஏற்கெனவே பல பதிவேடுகள் இருப்பதுதான் தடை.

கணவன் மனைவி இருவரையும் சேர்த்து நடத்தும் சிகிச்சையை, உறவுச் சிக்கல் நோயோடு கலந்திருக்கும்போது பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. அடி உதை இருக்கும் வீட்டில் இது முதல் வழி ஆகாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், திருமணமான தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சொன்னார்கள். அங்கே முதல் தேவை பாதுகாப்பு: 181 உதவி எண், 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடிப்பவரைப் பக்கத்தில் உட்கார வைத்து 'மனம்விட்டுப் பேசுங்கள்' என்பது ஆபத்து.

மாத்திரைக்கும் உறவுக்கும் பகையில்லை. மிதமான, கடுமையான நோய்க்கு மாத்திரை தேவைப்படும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். சரியான பிறகும் 6 மாதமாவது தொடர வேண்டும், படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். பழகிப்போகும் என்று பயந்து பாதியில் நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் வீட்டார்தான். தூக்கமும் எரிச்சலும் சீரானாலே வீட்டுச் சண்டையில் ஒரு பங்கு தானாகக் குறையும். அமெரிக்காவில் மருந்துச் சிகிச்சை பெற்ற 151 தாய்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பார்த்த 2006-ன் ஆய்வில், மூன்று மாதத்தில் குணமான தாய்களின் பிள்ளைகளிடம் மனநலக் கோளாறுகள் குறைந்தன. குணமாகாதவர்களின் பிள்ளைகளிடம் கூடின. அந்த ஆய்வு பிள்ளைகளுக்கென்று தனியே எந்தச் சிகிச்சையும் தரவில்லை.

பாளையங்கோட்டையில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது; மாவட்ட மனநலத் திட்டமும் இயங்குகிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணிலோ, 104-லோ தமிழில் இலவசமாகப் பேசலாம். தற்கொலை எண்ணம் உள்ளவர்களுக்காக லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் எண் 044-24640050.